ஸ்கேட் ஷூவுக்கு எவ்வளவு வரை கொடுக்கலாம், எங்கே நிறுத்தலாம்?

ஒரு வருடமாக ஸ்கேட்போர்டு ஓட்டுகிறீர்கள், ஆலி (போர்டோடு சேர்ந்து எம்புவது) வந்துவிட்டது, கிக்ஃப்ளிப் (எம்பும்போது போர்டைக் காலால் சுழற்றுவது) பழகுகிறீர்கள். போன தடவை வாங்கிய ஜோடி இரண்டே மாதத்தில் ஓட்டை. இப்போது போய்ப் பார்த்தால் அதே ஷூவின் விலை ஏறியிருக்கிறது. இவ்வளவு கொடுத்து வாங்குவது நியாயமா, சாதாரண கேன்வாஸ் ஷூவே போதாதா என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஸ்கேட் ஷூ என்று தனியாக ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா, இல்லை அது வெறும் பெயரா என்பது ஒன்று. அப்படி ஒன்று இருந்தால், விலை ஏற ஏற அதன் ஆயுளும் ஏறுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு, இருக்கிறது என்று தயங்காமல் சொல்வேன். இரண்டாவதற்கு, ஒரு மட்டம் வரை ஏறும், அதற்கு மேல் ஏறாது என்பதுதான் என் பதில். நான் காலணித் தொழில்நுட்பம் படித்து, ஷூ தயாரிக்கும் இடத்தில் தரப் பரிசோதனைப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன். ஸ்கேட்போர்டும் ஓட்டுகிறேன், புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லியும் தருகிறேன். அவர்கள் கிழித்துக் கொண்டுவரும் ஷூக்களைப் பிரித்துப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

ஷூ எப்படிச் சாகிறது என்பதிலிருந்து தொடங்கினால்தான் விலையைப் பற்றிப் பேச முடியும். போர்டின் மேல் ஒட்டியிருக்கும் கிரிப் டேப் என்பது உப்புத்தாள்தான். பெரும்பாலான டேப்பில் இருக்கும் துகள் சிலிக்கான் கார்பைடு. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10 என்றால் இது 9-ஐத் தாண்டும். எஃகையே தேய்க்கிற பொருள். துணியும் தோலும் அதன் முன்னால் எம்மாத்திரம்? ஆலி போடும்போது பின்கால் போர்டின் வாலை, அதாவது பின்முனையை, தரையில் தட்டுகிறது, முன்காலின் வெளிப்பக்கம் அந்த டேப்பின் மேல் உரசியபடியே மேலே ஏறுகிறது. அந்த உரசல்தான் போர்டைக் காலோடு சேர்த்து மேலே இழுக்கிறது. அதாவது ஷூ தேய்வது ஒரு விபத்தோ குறையோ கிடையாது, தேய்ந்தால்தான் ஆலி. எந்த விலைக்கு வாங்கினாலும் இது மாறாது.

உங்கள் பழைய ஜோடி இன்னும் கையில் இருந்தால் முன்காலுக்குரிய ஷூவை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். சுண்டுவிரலுக்கு நேராக, ரப்பர் பட்டைக்குச் சற்று மேலே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வழவழப்பாகியிருக்கும். அங்கே முதலில் நிறம் போகும். அப்புறம் அந்த வழியாக ஓடும் தையல் நூல் அறுந்து, இரண்டு துண்டுகளும் வாய் பிளக்கும். அதன் பிறகு உள்ளே இருக்கும் மெல்லிய பஞ்சு, கடைசியில் சாக்ஸ். கிக்ஃப்ளிப் தொடங்கிய பிறகு இதே கதை இன்னும் கொஞ்சம் முன்னால், விரல் நுனியின் ஓரத்தில் இரண்டாவது இடமாக ஆரம்பிக்கும். கீழிருந்து இரண்டு மூன்று லேஸ் துளைகளுக்கு இடையே லேஸ் அறுந்து அறுந்து முடிச்சு விழுந்திருக்கும். பின்காலுக்குரிய ஷூவோ பார்க்க ஏறக்குறைய புதிதாகவே இருக்கும். ஆக, நீங்கள் கொடுத்த பணம் முழுவதும் ஒரு ஷூவின் இரண்டு சிறு இடங்களில் முடிந்துபோகிறது. விலைக்குத் தகுமா என்று பார்க்கும்போது, அந்த இரண்டு இடங்களில் என்ன வைத்திருக்கிறார்கள் என்பதுதான் முதல் கணக்கு.

கேன்வாஸ் என்பது குறுக்கும் நெடுக்குமாக நெய்த இரண்டு வரிசை நூல். டேப் ஒரு நூலை அறுத்துவிட்டால் பக்கத்து நூலுக்குப் பிடிமானம் போய்விடும், அங்கிருந்து ஓட்டை தானாகப் பெரிதாகும். ஸ்வேட் தோலின் கதை வேறு. தோலைக் கிடைவாக்கில் பிளந்து மேல் அடுக்கை எடுத்துவிட்டால் அடியில் நிற்பதை ஸ்பிளிட் என்பார்கள். ஸ்கேட் ஷூவில் வரும் ஸ்வேட் பெரும்பாலும் இதுதான். இதில் இழைகள் எல்லாத் திசையிலும் சிக்கிக் கிடக்கும், வரிசை என்று எதுவும் இல்லை. மேலிருக்கும் இழைகளை டேப் சீவி எடுத்தாலும் கீழிருப்பவை பிடித்துக்கொண்டு நிற்கும். அதனால் ஸ்வேட் கிழியாது, மெல்ல மெல்லத் தேயும். ஒரே ஆள், ஒரே போர்டு என்றால் ஆலி விழும் இடத்தில் கேன்வாஸை விட ஸ்வேட் தெளிவாகவே அதிக நாள் வரும். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. சாதாரண கேன்வாஸ் ஷூ போதாதா என்ற உங்கள் கேள்விக்கு விடையும் இதுதான்: தள்ளி ஓட்டுவதற்கும் திரும்பப் பழகுவதற்கும் போதும், ஆலி வந்த நாளிலிருந்து போதாது.

ஆனால் ஸ்வேட் என்று பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். கையில் எடுத்துப் பார்த்தாலே நிறையத் தெரியும். முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாக இருக்கிறதா, அல்லது சுண்டுவிரல் பக்கம் ஒரு தையல் ஓடுகிறதா என்று பாருங்கள். தையல் அந்த இடத்தில் ஓடினால் தோல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நூல் முதலில் போகும், நூல் போனதும் ஷூ முடிந்தது. தையல் இருந்தே தீரும் என்றால் இரட்டையா மும்மடங்கா என்று பாருங்கள். அடுத்து, கையை உள்ளே விட்டு முன்பக்கத்தை இரண்டு விரலால் பிடித்து அழுத்துங்கள். தோலுக்கும் உள்துணிக்கும் நடுவே ரப்பர் தகடு ஒன்று வைத்திருந்தால் விரலுக்கு உடனே தெரியும், சட்டென்று மடங்காது. ஷூ நிறுவனமான வான்ஸ் இதை டியூராகேப் என்கிறது, மற்றவர்கள் வேறு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். வேலை ஒன்றுதான்: ஸ்வேட் தேய்ந்து ஓட்டை விழுந்த பிறகும் டேப் இந்த ரப்பரில் போய் மோதும், ஷூ இன்னும் கொஞ்ச காலம் உழைக்கும். கூடுதல் காசு கொடுக்கத் தகுந்த ஒரே ஒரு விஷயத்தைச் சொல் என்றால் நான் இந்த ரப்பர் தகட்டைத்தான் காட்டுவேன். வெளியே தெரியாது, விளம்பரத்திலும் அழகாக வராது, ஆனால் ஓட்டத்தில் பேசும்.

அடிப்பகுதிக்கு வருவோம். 1839-இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிப்படுகிறது என்று கண்டுபிடித்தார். வல்கனைஸ்டு ஷூ என்பது இன்றும் அதே வித்தைதான். அலுமினிய அச்சில் ஏற்றிய மேல்பகுதியோடு இன்னும் வேகவைக்காத ரப்பர் அடியை ஒட்டி, சுற்றிலும் ஒரு ரப்பர் பட்டையை வைத்து அழுத்தி, மொத்தமாக அடுப்பில் ஏற்றி வேகவைப்பார்கள். 1966-இல் கலிஃபோர்னியாவின் அனஹைமில் வான் டோரன் ரப்பர் கம்பெனி என்ற பெயரில் தொடங்கிய வான்ஸ் செய்த ஷூவும் இதுவே. மெல்லிய அடி, போர்டு காலுக்குக் கீழே எப்படி அசைகிறது என்பது பாதத்துக்குத் தெரியும், வாங்கிய அன்றே வளையும். குறை என்னவென்றால் அந்தச் சூட்டைத் தாங்கும் பொருளைத்தான் உள்ளே வைக்க முடியும், அதனால் தடிமனான மெத்தைக்கு இடமில்லை. நாளாக ஆக, சுற்றுப்பட்டை கால் மடங்கும் இடத்தில் உரிய ஆரம்பிக்கும். கப்சோல் என்பது முன்கூட்டியே வார்த்த கிண்ணம் போன்ற ரப்பர் அடி. மேல்பகுதியை அதற்குள் இறக்கி, பசை போட்டு, ஓரத்தைச் சுற்றித் தைத்துவிடுவார்கள். உரியாது, உள்ளே மிட்சோல் என்ற நடு அடுக்கு மெத்தை வைக்கலாம், உயரத்திலிருந்து குதிக்கிறவர்களுக்கு நல்லது. ஆனால் பழகி மிருதுவாகச் சில நாள் ஆகும், செய்முறையும் கூடுதல் வேலை பிடிக்கும். அதனால் வல்கனைஸ்டை விடக் கப்சோல் விலை அதிகம் என்றால் அந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணம் உண்டு. அது உங்களுக்குத் தேவையான காரணமா என்பது வேறு விஷயம். தரையிலேயே கிக்ஃப்ளிப் பழகும் ஒருவருக்கு வல்கனைஸ்டு போதும் என்பது என் எண்ணம். மெல்லிய அடியில் கால் சீக்கிரம் கற்றுக்கொள்கிறது என்று பழக்கிப் பார்த்ததில் தோன்றியிருக்கிறது. இது என் அனுபவக் கணிப்பு, ஆய்வு செய்து சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். படிக்கட்டிலிருந்து குதிக்க ஆரம்பித்துவிட்டால் கப்சோலுக்கு மாறுங்கள், அல்லது வல்கனைஸ்டு ஷூவுக்குள் நல்ல பாலியூரித்தேன் இன்சோல் (பாதத்துக்கு அடியில் வைக்கும் உள்மெத்தை) ஒன்றைப் போடுங்கள். மலிவான ஷூக்களில் வரும் ஈவிஏ நுரை இன்சோல் குதிகாலுக்கு அடியில் சீக்கிரம் அமுங்கிப் பழைய உயரத்துக்குத் திரும்பாது. பாலியூரித்தேன் அதை விட வெகுநாள் தாங்கும், ஒரு ஷூ போனாலும் அடுத்ததில் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். குதிகாலில் அடிபட்டு வாரக்கணக்கில் நொண்டியவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும்.

சரி, விலை ஏன் ஏறுகிறது? சில காரணங்கள் உண்மையானவை. செயற்கை ரப்பர், நுரை, பசை எல்லாமே பெட்ரோலியத்திலிருந்து வருபவை, அதன் விலையோடு சேர்ந்து ஆடும். ஷூ தைப்பது இன்னும் பெரும்பாலும் கைவேலை, கூலி ஏறினால் ஷூவும் ஏறும். ஏறவும் வேண்டும், தையல் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தவனுக்கு அதில் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. 2020-21 ஊரடங்குக் காலத்தில் ஸ்கேட்போர்டு பக்கம் வந்தவர்கள் கூட்டமாக வந்தார்கள், 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அது முதன்முறையாகப் பதக்க விளையாட்டானது, அதே வருடம் கப்பல் சரக்குக் கட்டணம் பல மடங்கு எகிறியது. இதெல்லாம் விலையில் வந்து விழுந்தது. ஆனால் கடையில் நீங்கள் கொடுக்கும் தொகையில், தொழிற்சாலை வாசலைத் தாண்டும்போது அந்த ஷூவின் அடக்க விலை சிறு பங்குதான். மீதி சரக்குக் கட்டணம், வரி, மொத்த வியாபாரி, கடைக்காரர், விளம்பரம், வீரர்களுக்கான பங்கு என்று பிரியும். அதனால் இரண்டு ஷூக்களுக்கு நடுவே விலை இரட்டிப்பாக இருந்தால் உள்ளே போன தோலும் ரப்பரும் இரட்டிப்பு என்று அர்த்தம் இல்லை. மலிவான கேன்வாஸிலிருந்து நடுத்தர விலை ஸ்வேட் ஷூவுக்குப் போகும்போது பொருள் உண்மையிலேயே மாறுகிறது. நடுத்தரத்திலிருந்து உச்சத்துக்குப் போகும்போது பெரும்பாலும் நிறம், பெயர், கிடைக்கிற எண்ணிக்கை ஆகியவைதான் மாறுகின்றன.

வீரர் பெயர் போட்ட ஷூ எல்லாம் வீண் என்று சொல்ல வரவில்லை. 1989-இல் வான்ஸ் ஸ்கேட்போர்டு வீரர் ஸ்டீவ் கபலெரோ பெயரில் கணுக்கால் உயரத்துக்கு ஒரு ஷூ கொண்டுவந்தது. தெருவில் ஓட்டிய பையன்கள் அதன் கழுத்தைக் கத்தரியால் வெட்டிக் குட்டையாக்கி, வெட்டிய ஓரத்தை டேப் சுற்றிப் போட்டுக்கொண்டார்கள். அதைப் பார்த்து நிறுவனமே 1992-இல் பாதி உயரத்தில் ஹாஃப் கேப் என்று வெளியிட்டது, இன்றும் அது விற்கிறது. ஓட்டுகிறவன் கால் சொன்னதைக் கேட்டு ஷூ மாறிய இடம் அது. அப்படி வடிவமே மாறியிருந்தால் பெயருக்குக் கொடுக்கும் காசில் பொருள் உண்டு. அதே வார்ப்பில் நிறத்தை மாற்றி ஒரு கையெழுத்தைப் போட்டிருந்தால், நீங்கள் கொடுப்பது அந்த வீரருக்கான ஆதரவு. அவரை உங்களுக்குப் பிடிக்கும், அவர் வாழ வேண்டும் என்று நினைத்துக் கொடுத்தால் அது நல்ல செலவே. ஸ்கேட்டர்களே நடத்தும் சிறு நிறுவனங்கள் விஷயத்திலும் எனக்கு இந்த எண்ணம்தான். ஆனால் ஆயுள் கூடும் என்று நினைத்துக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றைக் கட்டாயம் கவனியுங்கள், நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். பெரிய நிறுவனங்கள் ஒரே பெயரில் இரண்டு விதம் விற்கின்றன. ஒன்று தெருவில் நடக்க, இன்னொன்று ஸ்கேட் செய்ய. வான்ஸ் முதலில் ப்ரோ என்று போட்டுக்கொண்டிருந்த வகையை 2021-லிருந்து ஸ்கேட் என்ற பெயரில் விற்கிறது. கான்வர்ஸ் நிறுவனத்தில் கான்ஸ் என்று ஸ்கேட்டுக்குத் தனி வரிசை. ஒரு கை தூரத்தில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும், விலையில் கொஞ்சம்தான் வித்தியாசம். உள்ளே இன்சோல் வேறு, ரப்பர் தகடு உண்டா இல்லையா என்பது வேறு, அடி ரப்பரின் பிடிமானம் வேறு. உங்கள் முந்தைய ஜோடி இரண்டு மாதத்தில் போனது என்றீர்களே, அது எந்த வகை என்று பெட்டியையோ ஷூ நாக்கின் உள்பக்கச் சீட்டையோ பாருங்கள். நடக்கிற வகையாக இருந்தால் இரண்டு மாதம் வந்ததே பெரிது.

உறுதியாகச் சொல்ல முடியாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். விலையுயர்ந்த மெத்தை முழங்காலைக் காப்பாற்றும் என்று விற்பார்கள். குதிகால் அடியைக் குறைக்கும் என்பதை என்னால் ஏற்க முடிகிறது, முழங்காலைப் பற்றி வாக்குறுதி தர நான் மருத்துவன் இல்லை. உயரமான கழுத்து கணுக்கால் சுளுக்கைத் தடுக்கும் என்பதும் அப்படித்தான். போர்டு கணுக்கால் எலும்பில் அடிக்கும்போது கழுத்துப் பகுதி வலியைக் குறைக்கும், அது நிச்சயம். கால் பிசகி விழும்போது அந்தத் துணியும் பஞ்சும் எவ்வளவு தாங்கும் என்பது வேறு கேள்வி. செயற்கை ஸ்வேட்டில் சில அசல் ஸ்வேட்டுக்கு ஈடாக உழைத்துப் பார்த்திருக்கிறேன், சில காகிதம் போல வந்துவிட்டன. வகைக்கு வகை வேறுபடுவதால் மொத்தமாக ஒரு தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஒரு ஜோடி எத்தனை மாதம் வரும் என்று யாராவது எண் சொன்னால் நம்ப வேண்டாம். டேப் புதிதா பழையதா, வாரத்தில் எத்தனை மணி நேரம், ஆலி அதிகமா கிக்ஃப்ளிப் அதிகமா, காலை எந்தக் கோணத்தில் இழுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அதே ஷூ ஒருவருக்கு மூன்று மடங்கு நாள் வரும்.

அதனால் மாதக் கணக்கை விட்டுவிட்டு மணிக்கணக்கு போடுங்கள். ஷூ வாங்கிய நாளையும், ஓட்டுகிற மணி நேரத்தையும் குத்துமதிப்பாகக் குறித்து வையுங்கள். ஓட்டை விழும் நாளில் விலையை அந்த மணிகளால் வகுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று ஜோடி இப்படிப் பார்த்தால் எந்த வகை உங்கள் காலுக்குக் கட்டுப்படியாகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். மலிவானது இரண்டு வாங்கியதும், நடுத்தரமானது ஒன்று வாங்கியதும் ஒரே மணிக்கணக்கில் வந்து நிற்பதும் உண்டு. அப்படியானால் பிடித்ததை வாங்குங்கள்.

ஆயுளைக் கூட்டுவதில் உங்கள் கையிலும் நிறைய இருக்கிறது. அளவு சரியாக இருக்க வேண்டும். விரலுக்கு முன்னால் காலி இடம் இருந்தால் அந்த இடம் மடிந்து மடிந்து டேப்பில் மாட்டும், கால் நிரம்பிய ஷூவை விட முன்னதாகவே போகும். புது ஷூவில் ஆலி விழும் இடத்தின் தையல் மேல், ஓட்டுவதற்கு முன்பே ஷூ கூ போன்ற ரப்பர் பசையை மெல்லிய படலமாகத் தடவி ஒரு நாள் முழுவதும் காயவிடுங்கள். ஓட்டை விழுந்த பிறகு தடவுவதை விட இது பல மடங்கு பலன் தரும். படலம் தேய்ந்ததும் மறுபடி தடவலாம். நிறைய பேர் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று இதைச் செய்வதில்லை, பிறகு விலை ஏறிவிட்டது என்று வருந்துகிறார்கள். டேப் மாற்றிய முதல் வாரம் பழைய ஷூவைப் போட்டுக்கொண்டு ஓட்டுங்கள், புது டேப்பின் கூர்மை ஷூவைத் தின்றுவிடும். காலைத் தரையில் தேய்த்து நிறுத்தும் பழக்கம் இருந்தால் அதை விடுங்கள். அடி ரப்பர் போவது பெரும்பாலும் அதனால்தான், அடி போன ஷூவைப் பசையால் காப்பாற்ற முடியாது.

உங்கள் நிலையில் நான் இருந்தால் நடுத்தர விலையில், முன்பக்கம் ஒரே துண்டு ஸ்வேட், உள்ளே ரப்பர் தகடு, வல்கனைஸ்டு அடி என்று ஒன்றைத் தேடுவேன். புது நிறம் வந்ததும் தள்ளுபடிக்குப் போகும் போன பருவத்து நிறத்தை எடுப்பேன், அது அதே ஷூதான். ஆனால் தள்ளுபடி என்று பல வருடம் பெட்டியிலேயே கிடந்த சரக்கை எடுக்க மாட்டேன். பசை வறண்டிருக்கும், பாலியூரித்தேன் மிட்சோல் உள்ளதாக இருந்தால் ஈரப்பதம் பட்டுப் பட்டு ஒரு தடவைகூடப் போடாமலே உள்ளுக்குள் பொடிந்திருக்கலாம். அடியைக் கட்டைவிரலால் அழுத்தும்போது நொறுங்குகிற மாதிரி இருந்தாலோ, ஷூவை வளைக்கும்போது பட்டை ஓரத்தில் வெடிப்பு தெரிந்தாலோ எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.